ஏடு காத்த வீரம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை அடுத்து அமைந்துள்ளது பழவேற்காடு. கடலும் ஏரியும் கைகோத்து நிற்கும் ஊர் அது. ஆறுகள் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறி வரும் கடல்நீரும் கலந்து பரந்து கிடக்கும் அவ்வேரி, இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள்ளும், தென்பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் அடங்கும். பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்து, ஆழமற்ற அந்நீரில் இரை தேடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம் முதலிய சிற்றூர்களில் வாழும் மீனவர், ஏரியையும் கடலையும் நம்பி இல்லறம் நடத்துகின்றனர்.

மீனவர் வாழ்வில் முதற்பாடம் காற்றே ஆகும். வைகறையில் எழும் மீனவர், வலையைத் தொடுமுன் வானத்தை நோக்குவர். வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, தெற்கிலிருந்து வரும் தென்றலா, மேற்கிலிருந்து வரும் கோடையா என்று தெளிந்த பின்னரே படகை நீரில் இறக்குவர். நீரோட்டத்தின் போக்கும், மேகத்தின் நிறமும், பறவைகளின் நடமாட்டமும் அவர்க்கு எழுதாத நூல்கள். பாடு உரிமை உடைய குடும்பங்களுள் யார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறை வைத்து வரையறுக்கும் வழக்கம் ஒன்றும் இவ்வேரியில் உண்டு. அதனைப் ‘பாடு’ என்றே வழங்குவர். பூசல் இன்றித் தொழில் நடத்தற்கு முன்னோர் கண்ட நல்லொழுங்கு அது. தந்தை மைந்தனுக்கு உரைக்க, மைந்தன் தன் மைந்தனுக்கு உரைக்க, இவ்வறிவு யாவும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழிவழி வந்துள்ளது.

இவ்வூரில் 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஒரு கோட்டை கட்டினர். கெல்டிரியா என்பது அதன் பெயர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்குப் பல்லாண்டுக் காலம் தலைமையிடமாக விளங்கியது பழவேற்காடு. தமிழகத்துத் தறிகளில் நெய்த துணிகள் இங்கிருந்து கீழை நாடுகளுக்குக் கப்பலேறின. இன்று அக்கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கின்றது. ஆயினும், ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் அழியாமல் நிற்கின்றது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே படுத்திருக்கும் கற்பலகைகளில், இறந்தவர் பெயரும், பதவியும், மறைந்த நாளும் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்தர் மொழி அறிந்தார் எவரும் இன்றும் அவற்றைப் படித்து, அங்கே உறங்குவோர் இன்னார் என்று அறியலாம்.

ஒல்லாந்தர் கப்பல்களுக்கு அலைகடந்து பொதி சுமந்து சென்ற படகோட்டிகள் யாவர்? அவர்கள் வாங்கிய துணிகளை நெய்தவர் யாவர்? அவர்கள் உண்ட மீனைப் பிடித்தவர் யாவர்? அவர்களும் அதே காலத்தில், அதே ஊரில், அதே காற்றை உயிர்த்து வாழ்ந்தவரே. உழைப்பில் குறைந்தவர் அல்லர். அறிவில் தாழ்ந்தவர் அல்லர். ஆயினும் அவர்தம் பெயரை உரைக்க ஒரு கல்லும் இல்லை. எழுதப்பட்டவர் நின்றனர், எழுதப்படாதவர் மறைந்தனர்.

இவ்வுண்மை எளிய மக்களுக்கு மட்டும் உரியதன்று. உலகம் வியக்கும் வீரச் செயல் புரிந்தவர்க்கும் இது பொருந்தும். நூறாண்டுகளுக்கு முன் வானத்தில் போர் புரிந்த இந்திய இளைஞர் நால்வரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

மனிதன் இயந்திரச் சிறகு பெற்றுப் பறந்தது 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஆகும். அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர் அன்று முதன்முதல் பறந்த நேரம் 12 நொடியே. ஏழாண்டுகள் சென்றன. சென்னையில் விடுதி நடத்தி வந்த டி ஆஞ்செலிஸ் என்பார், 1910-ஆம் ஆண்டில் தம் விமானத்தில் பறந்து காட்டி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், அலகாபாத்திலிருந்து ஆற்றைக் கடந்து நைனி என்னும் இடத்திற்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களை ஒரு விமானம் சுமந்து சென்றது. அதனை ஓட்டியவர் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர். அரசின் இசைவோடு வானவழியே தபால் சென்றது உலகில் அதுவே முதன்முறை என்பர். அன்பு மொழிகளைச் சுமந்து பறந்த அவ்வூர்தி, மூன்றே ஆண்டுகளில் போர்க்கருவியாக மாறிற்று.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவில் எழுந்த தீ, சோழமண்டலக் கரையையும் தீண்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கரையை அணுகிக் குண்டு வீசிற்று. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. கடற்கரை மக்கள் போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டனர்.

போரின் தொடக்கத்தில் விமானங்கள் பகைவர் படை நிலையை உளவு பார்க்கவே பயன்பட்டன. நாளடைவில் அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. அவை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்த மெல்லிய ஊர்திகள். விமானி அமரும் இடத்திற்கு மேல்மூடி இல்லை. உயரத்தில் உறைபனிக் குளிர் உடலை வாட்டும். விமானம் தீப்பற்றினால் குதித்துத் தப்புவதற்குப் பிரிட்டிஷ் விமானிகளுக்குக் குடையும் வழங்கப்படவில்லை. அத்தகைய ஊர்தியில் ஏறியவர் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

அக்காலத்தில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இந்தியப் படையில் ஆயிரக்கணக்கான இந்தியர் உயிர் கொடுத்துப் போரிட்டனர். எனினும், ஆங்கிலேயர்க்கு நிகரான படைத்தலைமைப் பதவி 1917-ஆம் ஆண்டு வரை அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்நிலையில், பிரிட்டிஷ் விமானப் படையில் விமானிகளாக இடம் பெற்றுப் போர் புரிந்த இந்தியர் நால்வர் பெயர் வரலாற்றில் காணப்படுகின்றது. வங்காளத்து இந்திரலால் ராய், பஞ்சாபின் ஹர்தித் சிங் மாலிக், பம்பாயின் ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், கல்கத்தாவின் எரோல் சென் என்போரே அந்நால்வர்.

இந்திரலால் ராய் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் புகழ் பெற்ற வழக்கறிஞர். இளமையிலேயே இங்கிலாந்து சென்ற இந்திரலால், லண்டன் மாநகரில் உள்ள புனித பால் பள்ளியில் பயின்றார். பள்ளிப் பருவத்திலேயே விமானத்தின்மீது தீராத காதல் கொண்டார். பதினெட்டு வயது நிரம்பியதும் விமானப் படையில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று அதிகாரிகள் தள்ளிவிட்டனர் என்றும், அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர் பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறு சோதனை செய்துகொண்டு வென்றார் என்றும் கூறுவர். 1917-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அவருக்குப் படைப்பதவி வழங்கப்பட்டது.

அவ்வாண்டு இறுதியில் அவர் பிரான்சு நாட்டுப் போர்முனையில் 56-ஆம் விமானப் படைப்பிரிவில் பணியாற்றினார். டிசம்பர் 6-ஆம் நாள் அவர் ஓட்டிய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. அவர் பலத்த காயம் அடைந்தார். இந்நிகழ்ச்சியைப் பற்றி வியத்தகு கதை ஒன்று வழங்கி வருகின்றது. இறந்தார் என்று கருதி அவரைப் பிணவறையில் இட்டனர் என்றும், உணர்வு வந்ததும் அவர் உள்ளிருந்து கதவைத் தட்ட, கேட்டவர் அஞ்சி நடுங்கினர் என்றும் அக்கதை கூறும். பகைவரால் சுடப்பட்டு விழுந்தார் என்று எழுதுவாரும் உளர். விபத்தினால் தரையில் மோதினார் என்பதே பதிவுகளின் வழி அறியப்படுவது. கேட்போர் உள்ளத்தைக் கவரும் கதைகள் வளர்ந்துகொண்டே போகும். எழுதிய ஏடோ, எழுதிய அன்று உரைத்ததையே என்றும் உரைக்கும். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

நோயுற்றுக் கிடந்த நாட்களை இந்திரலால் வீணாகக் கழிக்கவில்லை. எழுதுகோலை எடுத்து விமானங்களின் உருவங்களைத் தாளில் தீட்டினார். அவ்வோவியங்களுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. பறக்க இயலாத நிலையில் படுக்கையில் இருந்த இளைஞர் ஒருவர், எதனை எண்ணி எண்ணி ஏங்கினார் என்பதை அத்தாள்கள் காட்டுகின்றன. அவருடைய வெற்றிகளை அரசு ஏடுகள் எண்ணிச் சொல்லும். அவருடைய உள்ளத்தை உணர்த்துவன அவ்வோவியங்களே. தனிமனிதர் விட்டுச் செல்லும் தாள்களின் சிறப்பு இதனால் விளங்கும்.

உடல் தேறிய பின்னும், பறப்பதற்குத் தகுதியற்றவர் என்றே மருத்துவர் கூறினர். இந்திரலால் மேலதிகாரிகளை விடாது வேண்டி இசைவு பெற்றார். 1918-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 40-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். அடுத்த திங்களில் அவர் ஆற்றிய செயல் பெருவியப்புக்கு உரியது. ஜூலை 6-ஆம் நாள் முதல் வெற்றி கிட்டிற்று. 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்திற்குள் மூன்று வெற்றிகள் கிட்டின. 13-ஆம் நாள் இரண்டு, 15-ஆம் நாள் இரண்டு, 18-ஆம் நாள் ஒன்று, 19-ஆம் நாள் ஒன்று என ஆகப் பத்து வெற்றிகள் அவர் கணக்கில் ஏறின. அவற்றுள் இரண்டு, தோழரோடு பகிர்ந்துகொண்டவை. அவர் போர்விமானியாகப் பறந்த நேரம் முழுவதும் கூட்டினால் 170 மணிக்குச் சற்று மிகுதியாகும்.

ஜூலை 22-ஆம் நாள் கார்வின் என்னும் ஊருக்கு மேலே பகை விமானங்களோடு நிகழ்ந்த போரில் அவர் வீழ்ந்தார். அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டு செப்டம்பரில், சிறந்த விமான வீரர்க்குரிய சிலுவைப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. இந்தியருள் அப்பதக்கம் பெற்ற முதல்வர் அவரே. பிரான்சு நாட்டில் எஸ்தவேல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அக்கல்லறையில் அவருடைய தாய்மொழியாகிய வங்க மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் மொழி போல, பிரான்சின் சிற்றூரில் வங்க மொழி நின்று, தொலைவிலிருந்து வந்து மறைந்தாரை நினைவூட்டுகின்றது.

இச்செய்திகள் யாவும் இத்துணைத் துல்லியமாக நமக்குக் கிட்டியது எவ்வாறு? நாளும் நேரமும் இடமும் எண்ணிக்கையும் எவர் வாய்மொழியிலும் நூறாண்டுகள் பிறழாமல் நிற்பதில்லை. அவை ஏடுகளில் நின்றன. அவ்வேடுகள் எத்தகையன என்பதை அறிதல் நன்று.

முதலாவது, பறத்தற் குறிப்பேடு. ஒவ்வொரு விமானியும் இதனைத் தம் கைப்பட எழுதி வருதல் வேண்டும் என்பது விதி. கோடிட்ட அவ்வேட்டில் நாளும் பொழுதும் எழுதுவதற்கு ஒரு பத்தி. காற்றின் திசையும் விசையும் எழுதுவதற்கு ஒரு பத்தி. விமானத்தின் வகையும் எண்ணும், பறந்த நேரம், ஏறிய உயரம், சென்ற வழி ஆகியவற்றிற்கு ஒவ்வொரு பத்தி. இறுதியில் குறிப்பு எழுதுவதற்கு ஓரிடம். இவ்வளவே அதன் அமைப்பு. பழவேற்காட்டு மீனவர் வைகறையில் முதற்கண் அறிய விரும்பும் காற்றே, விமானியின் ஏட்டிலும் முன்வரிசையில் நிற்கின்றது. மீனவர் அதனை மனத்தில் எழுதுவர். விமானி தாளில் எழுதினார். செயலில் இருவரும் ஒத்தவர். எழுத்தே இருவரையும் பிரிக்கின்றது.

இரண்டாவது, போர் அறிக்கை. பகை விமானத்தோடு பொருது திரும்பிய விமானி, களைப்பைப் பொருட்படுத்தாது, நிகழ்ந்ததை உடனே எழுதித் தருதல் வேண்டும். எந்நாள், எந்நேரம், எவ்விடம், எத்துணை உயரம், பகைவர் ஊர்தி எவ்வகை என்பனவற்றை எழுதி, நிகழ்ச்சியைச் சில வரிகளில் விளக்கிக் கையொப்பம் இடுவர். தலைவர் அதனை ஆராய்ந்து, பகை விமானம் அழிந்ததா, கட்டுப்பாடு இழந்து வீழ்ந்ததா என்று முடிவு எழுதுவார். மூன்றாவது, இழப்புப் பதிவு. விமானி காயமுற்றாலும், காணாமற் போனாலும், சிறைப்பட்டாலும் அதற்குரிய அட்டையில் அது பதியப்படும். இத்தகைய பதிவுகள் பல, லண்டனில் உள்ள அரசு விமானப் படை அருங்காட்சியகத்திலும், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன.

இவை அரசுக்கு உரியன. இவற்றோடு, வீட்டிற்கு எழுதிய கடிதம், நாட்குறிப்பு, நிழற்படம், ஓவியம் முதலாய தனியுடைமைகளும் உண்டு. இருவகையும் ஒருங்கு கிடைக்கும்போதுதான் ஒருவர் வாழ்வு முழுமையாக விளங்கும்.

ஏட்டில் உள்ளதெல்லாம் மெய் என்று கண்மூடிக் கொள்ளுதலும் தகாது. வானத்தில் சுழன்று சுழன்று போரிடும் ஒருவர், கீழே புகையோடு பாய்ந்த பகை விமானம் அழிந்துவிட்டது என்றே எண்ணுவர். அவ்விமானம் மேகத்தின் கீழே நிமிர்ந்து தப்பிச் சென்றிருத்தலும் கூடும். ஆதலின், இருதரப்பிலும் வெற்றிக் கணக்கு உண்மையான இழப்பினும் மிகுந்து காணப்படுதல் உண்டு. அறிஞர் ஒரு தரப்பின் அறிக்கையை மறுதரப்பின் இழப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு கூறுவர். சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவர், பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிவது போன்றது இது.

இனி, ஹர்தித் சிங் மாலிக்கின் வரலாற்றைக் காண்போம். இவர் 1894-ஆம் ஆண்டு ராவல்பிண்டியில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர். போர் மூண்டதும் படையில் சேர விழைந்தார், இடம் கிடைக்கவில்லை. பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். பிரெஞ்சு விமானப் படை அவரை ஏற்க முன்வந்தது. இதனை அறிந்த அவருடைய ஆக்ஸ்போர்டு ஆசிரியர், பிரெஞ்சுக்காரர் ஏற்கும் இவ்விளைஞரை ஆங்கிலேயர் மறுப்பது முறையோ என்னும் கருத்தமைய, விமானப் படைத் தளபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே கதவைத் திறந்தது. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மாலிக் விமானப் படையில் பதவி பெற்றார். சீக்கியராதலின் தலைப்பாகையைக் களைய அவர் இசையவில்லை. அதன்மேல் அணியத் தக்க பெரிய தலைக்கவசம் அவர்க்கெனச் செய்யப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள், பகை விமானங்கள் பல அவரைச் சூழ்ந்து தாக்கின. காலில் குண்டு பாய்ந்தது. இருப்பினும் பகைவர் எல்லையைக் கடந்து வந்து தரையில் வீழ்ந்தார். அவருடைய விமானத்தில் 400-க்கு மேற்பட்ட குண்டுகள் துளைத்திருந்தன என்பர். மாலிக் உயிர் பிழைத்தார். பின்னர் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். பாட்டியாலா அரசின் தலைமை அமைச்சராக விளங்கினார். நாடு விடுதலை பெற்றபின் கனடாவிலும் பிரான்சிலும் இந்தியாவின் பேராளராகப் பணியாற்றினார். 1985-ஆம் ஆண்டு மறைந்தார். முதுமையில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி வைத்தார். அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின் அவை நூலாக வெளிவந்தன. ஆதலின், மாலிக்கின் வாழ்வை மாலிக்கின் வாய்மொழியாகவே நாம் அறிய முடிகின்றது.

எஞ்சிய இருவரைப் பற்றி உலகம் அறிந்தது மிகக் குறைவு. வெலிங்கர் 23-ஆம் படைப்பிரிவில் பணியாற்றினார். 1918-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் பறந்து சென்றவர் திரும்பவில்லை. காயமுற்றுப் பகைவர் கையில் சிக்கி, மூன்று நாட்களில் உயிர் நீத்தார். பிரான்சு நாட்டு மண்ணில் அவர் உறங்குகின்றார். சென் 70-ஆம் படைப்பிரிவில் இருந்தார். 1917-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிறைப்பட்டு, ஜெர்மனியில் ஹோல்ஸ்மிண்டன் என்னும் இடத்தில் இருந்த போர்க் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்தபின் மீண்டார். இவ்விருவரைப் பற்றி நாடறிந்த செய்தி ஏறத்தாழ இவ்வளவே.

நால்வரும் ஒரே வானத்தில் பறந்தவர். நால்வரும் உயிரைப் பொருட்படுத்தாதவர். ஆயினும், இந்திரலாலுக்கு இந்திய அரசு 1998-ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. மாலிக்கின் நினைவுகள் நூலாயின. வெலிங்கரையும் சென்னையும் அறிந்தார் மிகச் சிலரே. இவர்தம் வீரத்தில் ஏற்றத்தாழ்வு கூற எவராலும் இயலாது. சான்றுகளிலேதான் ஏற்றத்தாழ்வு உள்ளது. ஒருவர் ஓவியங்களும் போர் அறிக்கைகளும் எஞ்சின. மற்றொருவர் நெடுநாள் வாழ்ந்து தாமே எழுதினார். ஏனைய இருவர்க்கு அவ்வாய்ப்பு அமையவில்லை.

இந்திரலாலின் புகழ், பின்வந்தோர்க்கும் வழிகாட்டிற்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய விமானப் படை தோன்றியபோது, அதில் முதன்முதல் விமானிகளாகச் சேர்ந்த இளைஞருள் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. அவர் இந்திரலாலின் உறவினர். 1954-ஆம் ஆண்டில் அவரே அப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். முன்னோர் செயல் நினைவில் நின்றால், அது பின்னோர்க்கு ஏணியாகும் என்பதற்கு இதுவே சான்று.

ஏடுகளின் அருமையைத் தமிழர் அறியாதவர் அல்லர். பழுதுற்ற ஓலைச் சுவடிகளை ஆற்றில் விடுதலும் நெருப்பில் இடுதலும் புண்ணியம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு அழிந்த நூல்கள் எத்துணை என்று எண்ணிச் சொல்வார் இல்லை. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று, வீட்டுப் பரண்களில் கிடந்த சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தமையால் சங்க நூல்கள் பல நமக்குக் கிடைத்தன. சுவடி காத்த குடும்பத்தார் பலர், தம் கையில் இருப்பது இன்ன நூல் என்று அறியாமலே காத்து வந்தனர். அறிந்து காப்பது சிறப்பு. அறியாமல் காப்பினும் அது நாட்டிற்கு நலமே.

ஏரிக்கரை ஊர்களில் தாளுக்குப் பகை பல. உப்புக் காற்றும் ஈரமும் தாளை நைந்து போகச் செய்யும். கறையானும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும். புயலும் வெள்ளமும் ஒரே இரவில் அனைத்தையும் கொண்டு போகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பொங்கி எழுந்த ஆழிப்பேரலை, பழவேற்காட்டுக் கரையையும் தாக்கிற்று. படகும் வலையும் போயின் உழைத்து மீண்டும் வாங்கலாம். பாட்டனார் கையெழுத்து அழியின் எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது. ஆதலின், தாள்களைத் தரையில் வையாது உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். ஈரம் புகாத பெட்டியில் இட்டு, ஆண்டிற்கு இருமுறையேனும் நிழலில் காற்றாட விரித்தல் வேண்டும். வசம்பும் வேப்பிலையும் இட்டுச் சுவடி காத்த முன்னோர் முறையும் மறக்கத் தக்கதன்று. இக்காலத்தில் ஏட்டைப் படம் பிடித்து, வேறோர் இடத்திலும் ஒரு படியை வைத்தல் எளிது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் பலவற்றை இன்றும் காத்து வருகின்றது. அந்நியர் எழுதிய ஏடு அங்கே வாழ்கின்றது. அதே ஊரார் எழுதும் ஏடும் வாழ்தல் வேண்டாவோ?

எழுதுவதற்கு என்ன உள்ளது என்று சிலர் வினவலாம். பழவேற்காட்டு மீனவர்க்கு நெடுநாளாக உள்ள இடர்களுள் ஒன்று, ஏரியின் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுதல் ஆகும். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் வாராது. இறாலும் மீனும் குறையும். படகுகள் கடலுக்குள் செல்வதும் அரிதாகும். எவ்வாண்டு, எத்திங்களில் அது அடைபட்டது? எந்நாளில் திறந்தது? அவ்வாண்டு மீன்பாடு எவ்வாறு இருந்தது? இவற்றை ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்து எழுதி வந்திருப்பின், அவ்வேடு எத்துணைப் பயன் தரும்! அரசினரிடம் முறையிடச் செல்லும்போது, முன்பெல்லாம் இப்படி இல்லை என்று வாயால் உரைப்பதினும், இன்ன ஆண்டில் இன்ன நாளில் என்று ஏட்டை விரித்துக் காட்டுவதே வலிமை உடைத்து. வழக்காடு மன்றமும் அறிவியலாரும் நாடுவது அத்தகைய சான்றையே.

பாடு முறையில் இடம் பெற்றோர் வரிசை, புயல் வந்த நாள், பூநாரைகள் முதன்முதல் காணப்பட்ட கிழமை, படகு கட்டிய செலவு, பாட்டனார் பாட்டியார் பெயர், அவர்கள் பிறந்த ஊர் ஆகிய இவை யாவும் எழுதத் தக்கனவே. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அன்று தொடங்கி இக்கரை மக்கள் வானில் ஏறிச் செல்லும் நெருப்புச் சுடர்களைக் கண்டு வருகின்றனர். ராக்கெட்டை ஏவியவர் கணக்கு அரசு ஏடுகளில் உள்ளது. அதனைக் கரையில் நின்று கண்டவர் உள்ளத்தில் எழுந்த வியப்பும் அச்சமும் எந்த ஏட்டில் உள்ளன? அவற்றை எழுத வல்லவர் அக்கரையில் வாழ்வோரே.

விமானியின் குறிப்பேட்டில் அழகிய சொற்கள் இல்லை, அணிகள் இல்லை. நாள், பொழுது, காற்று, உயரம், வழி என்னும் எளிய செய்திகளே உள்ளன. பத்தொன்பது வயதில் மறைந்த ஓர் இளைஞரை நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் கண்முன் நிறுத்துவன அவ்வெளிய வரிகளே. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் இரண்டு வரியேனும் மெய்யாகவும் தெளிவாகவும் எழுதலாம். எழுதத் தெரியாத முதியோர் இல்லத்தில் இருப்பின், அவர் அருகில் அமர்ந்து, அவர் கூறுவதைக் கேட்டு, கூறியவர் பெயரும் கேட்ட நாளும் குறித்து எழுதி வைக்கலாம். எழுதக் கற்றவர், தமக்காக மட்டும் கற்றவர் அல்லர். எழுதாது மறைந்தார்க்கும், எழுத இயலாதார்க்கும் கைகொடுக்கும் கடன் அவர்க்கு உண்டு.